அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அப்பா

என் அன்பான கூட்டுக் களவாணி அப்பாவுக்கு,

அடுத்த மாதத்தோடு நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் வைத்ததுபோல் ஸ்ரீவைகுண்டம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இந்த வருஷமும் உனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டுமாம், அம்மா சொல்கிறாள். ஃப்ளெக்ஸ் கடை அண்ணாச்சியிடம் கண்ணீர் அஞ்சலிக்கென்றே நாலு கவிதைகள் தயாராக இருக்கின்றன. நாலிலும் நீ வானத்தில் நட்சத்திரமாக மின்னுகிறாய். லோடு வேனில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு, ஹாரன் வேலை செய்யாமல் கையால் கதவைத் தட்டிக்கொண்டு போன மனுஷன் நீ. மின்னுகிறாயாமே, மின்னு. எனக்கு அந்தக் கவிதை வேண்டாம். எனக்கு உன்னோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. நாலு பேர் படிக்கிற மாதிரியே போடுகிறேன்.

அம்மா பக்கத்தில் இருந்தால் உன்னை 'நீங்க' என்பேன். நாம் இரண்டு பேரும் நீந்த ஆற்றுக்குள் இறங்கிவிட்டால் 'நீ'தான். இந்தக் கடிதம் முழுக்க ஆறு என்று வைத்துக்கொள்.

முதலில் செய்தி. நீ போன பிறகு அம்மா குலசை அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். மூன்று வருஷம் உன் மகள் நான் தசராவுக்கு மாலை போட்டு, விரதம் இருந்து, வேஷம் கட்ட வேண்டும். போன வருஷம் குறத்தி. பாசிமணி விற்றுப் பாதித் தெருவை ஏமாற்றினேன். இந்த வருஷம் பதவி உயர்வு, இன்ஸ்பெக்டர். காக்கி உடுப்பு, தொப்பி, கையில் லத்தி, பசை போட்டு ஒட்டின மீசை. என் கூட்டாளி பேச்சி கட்டம் போட்ட சட்டையும் கன்னத்தில் மருவுமாகத் திருடன். மேளக்காரர்கள் அடிக்க, தெருத்தெருவாகத் திருடனை இன்ஸ்பெக்டர் துரத்த வேண்டும். அதுதான் எங்கள் ஆட்டம்.

மூன்றாவது தெருவில் துரத்தும்போது நெஞ்சுக்குள் ஏதோ மாறியது. வேகமாக அடிக்கவில்லை, அப்பா. தப்பும் தவறுமாக அடித்தது. கரையில் பிடித்துப் போட்ட கெண்டை துள்ளுமே, அந்த மாதிரி. காதுக்குள் மதகு திறந்த இரைச்சல். பேச்சியின் கட்டம் போட்ட முதுகு தெரிந்தது, பிறகு கட்டம் மட்டும் தெரிந்தது, பிறகு ஒன்றுமே இல்லை.

நான் விழுந்ததும் ஜனங்கள் கைதட்டினார்களாம். ஆட்டத்தில் இது ஒரு புதுக்கட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் ஆகியும் நான் எழுந்திருக்காததால் கைதட்டல் குலவையாக மாறிவிட்டது. எனக்கு நினைவு திரும்பியபோது முகத்தில் மஞ்சள் தண்ணீர், நெற்றியில் ஒரு பிடி திருநீறு, சுற்றிலும் கும்பிட்ட கைகள். மீசையில் பாதி பிய்ந்து வாய்க்குள் கிடக்கிறது. ஒரு அம்மா என் காலடியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறாள்:

"தாயி, எம் மவளுக்கு எப்பந்தான் மாப்பிள வரும்? வாக்கு சொல்லு தாயி."

"ஏ, போலீசுக்கே சாமி வந்துட்டு டோய்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

மற்ற நாளாக இருந்தால் விடுவேனா? "வைகாசியில் வரும், ஆனா வழுக்கையா வரும்" என்று ஒரு வாக்கு சொல்லியிருப்பேன். அன்றைக்கு நாக்கே புரளவில்லை. என் கை என் கையாகவே இல்லை. தண்ணீர் என்று கேட்க வாயைத் திறந்தால், அருள்வாக்கு வரப்போகிறதென்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். எவ்வளவு எரிச்சலாக இருந்தது தெரியுமா? சாகக் கிடக்கிறவளிடம் சம்பந்தம் விசாரிக்கிற ஊர், நம் ஊர்.

பேச்சிதான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைத் தூக்கினாள். திருடன் தோளில் சாய்ந்துகொண்டு இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன காட்சியை நீ பார்க்கவில்லையே என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அம்மா அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். நம் தெருமுனை டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க இன்ஸ்பெக்டர் மேடம். யாரக் கைது பண்ண வந்திய?"

"நல்லா ஓடிக்கிட்டு இருந்தவ டாக்டர், பொத்துன்னு விழுந்துட்டா. கூப்பிடக் கூப்பிடப் பேச்சு மூச்சு இல்லயாம்" என்றாள் அம்மா.

"வெரதமா?"

"ஆமா. ஒரு நேரச் சாப்பாடு."

"அவ்வளவுதான் விஷயம். வெயிலு, வெறும் வயிறு. பித்தம் தலைக்கேறிட்டு."

"டாக்டர், விழுகதுக்கு முன்னால நெஞ்சு ஒரு மாதிரி தப்பு தப்பா அடிச்சுது" என்றேன்.

"ஓடினா நெஞ்சு அடிக்காம முட்டியா அடிக்கும்?"

கம்பவுண்டர் சிரித்தார். நல்ல ஜோக்தான். நான் சொல்லியிருந்தால் நானே எனக்குக் கைதட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் ஸ்டெதஸ்கோப் அவர் கழுத்தில் தொங்கியது தொங்கியபடியே இருந்தது. அந்த மனுஷன் என் நாடியைப் பிடிக்கவே இல்லை, அப்பா. தன் தாடியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

சீட்டு எழுதும்போதுதான் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "போன வருஷம் இங்கன வந்து டோக்கன் அட்டையெல்லாம் மாத்திப் போட்டு, ரெண்டு ஏழாம் நம்பர்காரங்களச் சண்ட போட வச்ச பிள்ளதான நீ?"

ஆமாம், நான்தான். மறுக்கவில்லை. ஆனால் டோக்கனை மாற்றியவளுக்கு நெஞ்சு மாறி அடிக்கக் கூடாதென்று சட்டமா? அவர் பித்தம் என்று வாயால் சொன்னார், பித்தலாட்டம் என்று கண்ணால் சொன்னார். அம்மாவுக்கு இரண்டும் புரிந்தன. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் என் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். மறுபடியும் அதே கெண்டை, அதே இரைச்சல். விழித்தபோது முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. மீண்டும் அதே டாக்டர்.

"பரீட்சை வருதா?"

"வருது டாக்டர். எல்லாருக்குந்தான் வருது. எல்லாரும் விழலயே."

"பாத்தீங்களாம்மா, இந்த வாய்க்கு மயக்கமா வரும்? இந்த வயசுப் பொம்பளப் பிள்ளைக்கு, எல்லாரும் தன்னையே பாக்கணும்னு ஒரு இது. நீங்க ஓடி ஓடிக் கவனிச்சா இன்னும் நாலு தடவ விழுவா. கண்டுக்கிடாதீங்க."

இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார், இரும்பு மனசுக்காரர். அன்று சாயங்காலம் அரிசி களைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் அம்மா கேட்டாள்:

"நெசத்தச் சொல்லிரு. வைய மாட்டேன். நடிக்கியாட்டி?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அரிசிப் பானையைக் கவிழ்த்திருப்பேன். கணக்குப் பரீட்சை அன்று வயிற்று வலி என்று உருண்டேனே, அப்போது நம்பினாள். நாக்கில் நாவல்பழச் சாறு தடவிக்கொண்டு காய்ச்சல் என்றேனே, அதையும் நம்பி ரசம் வைத்துத் தந்தாள். ஒரு பொய்யைக்கூட விடாமல் நம்பிய ஊர், முதல்முறையாக நான் உண்மையைச் சொன்னதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. யாரிடம் போய் முறையிட?

பேச்சி மட்டும் நம்பினாள். ஏன் தெரியுமா?

"ஏட்டி இசக்கி, ஒன் நடிப்ப நான் ஆறாங்கிளாஸ்ல இருந்து பாக்கேன். அன்னைக்கு நீ நடிக்கல. ஒன் கண்ணு ரெண்டும் தெறந்துதான் கெடந்துச்சு. நான் குனிஞ்சு நேருக்கு நேராப் பாக்கேன், நீ உள்ள இல்ல. யாரும் இல்லாத வீட்டுல கதவு தெறந்து கெடந்த மாதிரி இருந்துச்சு. அதச் சொன்னா நீ பயந்துருவேன்னுதான் இத்தன நாள் சொல்லல."

நான் பயப்படவில்லை, அப்பா. எனக்கு உன் முகம் ஞாபகம் வந்தது.

நீ சாவதற்கு முந்தைய காலாண்டு லீவு. அணைக்கட்டுக்குக் கீழே நானும் நீயும். மூச்சுப்பிடித்துக் குப்புற மிதக்கிற நம் விளையாட்டு உனக்கு நினைவிருக்கும். யார் அதிக நேரம் மிதக்கிறார்களோ அவர்களுக்கு டீக்கடையில் ஒரு சுசியம். அன்றைக்கு அக்கரைக்கு யார் முதலில் போவது என்று பந்தயம் போட்டு நீந்தினோம். நீ முன்னால் போனாய். நடு ஆற்றில் திடீரென்று நீந்துவதை நிறுத்திவிட்டுக் குப்புற மிதந்தாய். தோற்கப் போகிறவன் விளையாட்டை மாற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டு நான் சிரித்தேன். சத்தம் போட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு என்று முப்பது வரைக்கும் எண்ணினேன், அப்பா. பிறகு கோபம் வந்து உன்னைப் புரட்டிப் போட்டேன். உன் கண் இரண்டும் திறந்திருந்தன. நீ உள்ளே இல்லை.

பிறகு இழுத்து ஒரு மூச்சு விட்டாய். இருமினாய். என் முகத்தைப் பார்த்தாய், அது எப்படி இருந்ததோ தெரியவில்லை. உடனே பல்லைக் காட்டி, "ஏமாந்தியாட்டி!" என்றாய்.

நான் உன் மேல் தண்ணீரை வாரி அடித்தேன். அன்று முழுக்கப் பேசவில்லை. நீ கரையேறி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய், மறுபடி தண்ணீரில் இறங்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் சொன்னாய்: "அம்மாட்ட சொல்லாத. சொன்னா நமக்கு ரெண்டு பேருக்கும் ஆறு கெடையாது." நான் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். உன் தலையில்.

மூன்று மாதத்தில் நீ அதே ஆற்றில் போனாய். அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எண்ணுவதற்குக்கூட ஆள் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நீ எப்படி மூழ்கினாய் என்று ஊரே கேட்டது. ஆறு காவு கேட்டுவிட்டது என்று ஊரே பதிலும் சொல்லிக்கொண்டது. உன் ஏமாற்று வேலையை அப்படியே நம்பியிருந்ததால் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஊரை ஏமாற்றுகிறவள் நான், என்னையே ஏமாற்றிவிட்டாயே! உனக்கு அது முதல் தடவைதானா? வேன் ஓட்டும்போது எப்போதாவது வந்ததா? நீயும் யாராவது ஒரு டாக்டரிடம் போய், பித்தம் என்று கேட்டுவிட்டுத் திரும்பினாயா?

பேச்சியின் சித்தி பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இதயம் பார்க்கிற டாக்டரிடம் சொல்லிவைக்கிறேன், வாருங்கள் என்றார். அம்மாவோ, கண்டுக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கண்டுகொள்ளாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் வர மாட்டாள். அதனால் நமக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன். "அப்பா ஃப்ளெக்ஸ் இந்தத் தடவ திருநெல்வேலியில் அடிப்போம், படம் நல்லா வரும்" என்று பஸ் ஏற்றினேன். பாளையங்கோட்டையில் இறக்கி, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இதுவா ஃப்ளெக்ஸ் கட?"

"உள்ள படம் எடுப்பாங்கம்மா. நெஞ்சு படம்."

நடுரோடு என்றும் பார்க்காமல் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனாலும் உள்ளே வந்தாள்.

இந்த டாக்டர் ஒரு அக்கா. சிரிக்கவே இல்லை, எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. முதல் வேலையாக ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். ஓடும்போது விழுந்தாயா, உட்கார்ந்திருக்கும்போதா, எழுந்தபோது குழப்பமாக இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"குடும்பத்தில் யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா? இப்படி மயங்கி விழுந்திருக்காங்களா?"

"இல்ல டாக்டர்."

"இவங்க அப்பா?"

"அவுக ஆத்துல மூழ்கிட்டாக. அது வேற."

"நீச்சல் தெரியாதா?"

"நீச்சலா? மீனுக்கே சொல்லிக் குடுப்பாக."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அதுக்கு முன்னால எப்பவாவது மயக்கம்?"

"ஒரு நாளும் கெடையாது" என்றாள் அம்மா, சத்தியம் பண்ணுகிற குரலில்.

சொன்னால் உன் தலைமேல் செய்த சத்தியம் உடையும். சொல்லாவிட்டால் அந்தக் காகிதத்தில் 'இல்லை' என்று எழுதிவிடுவார்கள். சத்தியத்தைக் காப்பாற்ற உன் தலையும் இப்போது இல்லை. சொல்லிவிட்டேன். குப்புற மிதந்தது, முப்பது எண்ணியது, கண் திறந்திருந்தது, ஏமாந்தியாட்டி என்றது, எல்லாம் சொல்லிவிட்டேன். சொல்லும்போது டாக்டரைத்தான் பார்த்தேன். அம்மா பக்கம் திரும்பவில்லை.

ஈசிஜி எடுத்தார்கள். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஒட்டிவைக்கிற சின்ன மிஷின் ஒன்றையும் மாட்டினார்கள். நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். பாதி வழியில், ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோட்டங்களைப் பார்த்தபடி அம்மா கேட்டாள்:

"ரெண்டு பேருமாச் சேந்து என்ட்ட மறச்சிருக்கிய, என்னா?"

"விளையாட்டுன்னு நெனச்சேம்மா."

"அன்னைக்குக் காலைல அவுககூட நான் சண்ட போட்டேன் இசக்கி. ஒனக்குத் தெரியாது. ஒண்ணுமில்லாத விஷயம், சட்னி உப்புக்கு. தட்டத் தள்ளி வச்சிட்டு வெறும் வயித்தோட ஆத்துக்குப் போனாக. அந்த வெறும் வயிறுதான் இழுத்துட்டுன்னு ரெண்டு வருசமா... நாந்தான் கொன்னுட்டேன்னு..."

கண்டக்டர் வந்து டிக்கெட் என்றார், நான் வாங்கினேன்.

இப்போது சொல், அப்பா. எனக்கு யார் மேல் அதிகம் எரிச்சல் வர வேண்டும்? வெயில், வெறும் வயிறு என்று அந்த டாக்டர் சொன்னபோது அம்மா ஏன் சட்டென்று நம்பினாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெறும் வயிறு ஆளைக் கொல்லும் என்று அவள் இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு நேரச் சாப்பாடுதான் போட்டிருந்தாள். உன் ஆற்றைக் காப்பாற்றிக்கொள்ள நீ சொன்ன ஒரு விளையாட்டுப் பொய், அவளை உள்ளே இருந்து தின்றுகொண்டிருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஆறு போனால் கிணறு இருந்திருக்கும். நீயும் இருந்திருப்பாய்.

முடிவு என்ன என்று கேட்பாய். முடிவு இன்னும் இல்லை. என் ஈசிஜி கோடுகளில் ஏதோ ஒரு இடைவெளி கொஞ்சம் நீளமாக இருக்கிறதாம். "இதுதான்னு இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன். இல்லன்னும் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர் அக்கா. தெரியவில்லை என்று ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல்தடவை. காது குளிர்ந்தது. பரம்பரை வியாதியா என்று சோதிக்க என் ரத்தம் வெளியூருக்குப் போயிருக்கிறது. மாத்திரை உண்டு, ஓட்டம் கிடையாது, ஆறு கிடையாது. உனக்கு என்ன வந்தது என்பதை இனி உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஆனால் நான் சொன்னதைக் காகிதத்தில் எழுதி, அடியில் கோடு போட்டிருக்கிறார்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அம்மா தெருமுனை டாக்டரிடம் போனாள். நான் கூடப் போய் வேடிக்கை பார்த்தேன். அவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லது. நாந்தான் அப்பவே சொன்னேம்லா, எதுக்கும் ஒரு செக்கப் பண்ணிக்கிடுங்கன்னு."

நான் வாயைத் திறக்குமுன் அம்மா திறந்தாள். "கண்டுக்கிடாதீங்கன்னு சொன்னிய டாக்டர். அந்த வார்த்தைய மட்டும் இனி எந்தத் தாய்ட்டயும் சொல்லாதிய." அவ்வளவுதான். காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கம்பவுண்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

இன்னொன்று. ரத்த சொந்தங்கள் எல்லோருக்கும் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் அக்கா சொல்லியிருக்கிறார். கொற்கையில் இருக்கிற உன் தங்கச்சி, என் அத்தை, போனில் கேட்டதும் சிரித்தாள். "எனக்கென்னட்டி, கல்லு மாதிரி இருக்கேன். எப்பமாச்சும் லேசாத் தல சுத்தும், அது பித்தம்" என்றாள். அவளுக்கு இரண்டு பையன்கள். இரண்டு பேரும் குளத்திலிருந்து ஏறவே மாட்டார்கள்.

அதனால் என் வாக்கு இது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் கொற்கைக்குப் போகிறோம். அத்தையையும் பையன்களையும் உட்காரவைத்து, அன்று தண்ணீரில் நான் பார்த்த உன் முகத்தை, ஒன்றிலிருந்து முப்பது வரைக்கும், விடாமல் சொல்வேன். சிரித்தால் மறுபடியும் சொல்வேன். இனி எனக்குத் தலை சுற்றினால் முதலில் அம்மாவுக்குத்தான் தெரியும். ஊரை ஏமாற்றுவதை நிறுத்துவேன் என்றெல்லாம் எதிர்பார்க்காதே, அது நம் ரத்தம். உடம்பு விஷயத்தில் மட்டும் பொய் கிடையாது. யார் தலையில் கை வைத்தாலும் கிடையாது.

இப்படிக்கு,
உன்னைக் காட்டிக்கொடுத்த மகள்,
இசக்கி